பட்டிக்கு அடியில் கிடக்கும் செலவு

2003 அக்டோபர் 29. மும்பை தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு பிரீமியர் பத்மினி டாக்ஸியாகப் பதிவானது. அந்த நகரத்தில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி அதுதான். 20 வயது தாண்டிய டாக்ஸி ஓடக் கூடாது என்று 2013இல் விதி வந்திருந்தது. அதன்படி 2023 அக்டோபர் முடிந்ததோடு கறுப்பு-மஞ்சள் பத்மினிகளின் காலமும் முடிந்தது. பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. சினிமாவில் வந்ததையும் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்த கியரையும் நினைத்து நகரமே ஏங்கியது.

அந்த வண்டிகளைத் தட்டிக் கொட்டி ஓடவைத்த சயான், குர்லா, தாராவி கேரேஜ்களில் இந்த விதிக்கு வெகு காலம் முன்பே வேறொரு கெடு தெரிந்திருந்தது. 1089 சி.சி. எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றலாம், போர் போடலாம். கிளட்ச் போனால் புதிது வைக்கலாம். வண்டி குர்லாவிலேயே தயாரானது. அதே குர்லாவில் சி.எஸ்.டி. ரோடு நெடுக பழைய உதிரிபாகக் கடைகள். எந்தப் பாகம் போனாலும் மாற்று கிடைத்தது. தரைத்தகடு துருப்பிடித்து இற்றுப்போனால் மட்டும் கணக்கு வேறு மாதிரி போகும்.

ஏன் அப்படி? விடை வண்டியின் உடம்பு அமைப்பில் இருக்கிறது.

லாரியிலும் பழைய ஜீப்பிலும் சேசிஸ் தனி, பாடி தனி. பாடி அழுகினாலும் சேசிஸ் தாங்கும். பத்மினியின் மூல வடிவமான ஃபியட் 1100, 1953இல் இத்தாலியில் வந்தபோதே சேசிஸ் இல்லாமல் வந்தது. இன்று ஓடும் ஏறக்குறைய எல்லா கார்களும் அந்த வகைதான். முக்கால் மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங் வைத்து, மூடிய பெட்டிகளாக ஆக்குகிறார்கள். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு ஒரு பெட்டி. பில்லர் ஒரு பெட்டி. தரைக்கு அடியில் குறுக்கே போகும் உத்தரம் ஒரு பெட்டி. தகட்டின் தடிமனால் வராத பலம், பெட்டியாக மூடியிருப்பதால் வருகிறது. அப்படி மூடிய பெட்டிக்குள் பெயின்ட் துப்பாக்கியும் போகாது, துணி வைத்துத் துடைக்கக் கையும் போகாது. வண்டியைத் தாங்கும் இடமும் துரு ஒளிந்துகொள்ளும் இடமும் ஒன்றாகிப்போனது இப்படித்தான்.

ஒரு சொட்டு உப்பு நீர்

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளிப் பாடம் சொல்லும். தகட்டில் எந்த இடம் முதலில் போகும் என்பதைப் பாடம் சொல்வதில்லை. அதைக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீரை வைத்தார். சொட்டின் விளிம்பு மெல்லியது, அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரையும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை. ஆக்சிஜன் அதிகமுள்ள விளிம்புதான் கெடும் என்று யாருக்கும் தோன்றும். கெட்டதோ நடுப்பகுதி. விளிம்பு பளபளப்பு குறையாமல் இருந்தது.

நடந்தது இதுதான். சொட்டின் நடுவில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டுக்குள்ளேயே பயணம் செய்து விளிம்புக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கி ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறுகின்றன. நடுவிலிருந்து வரும் இரும்பும் விளிம்பிலிருந்து வரும் ஹைட்ராக்சைடும் இடையில் சந்திக்கும்போது பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. சுருங்கச் சொன்னால் அது ஒரு மின்கலம். உப்பு, நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி அந்த மின்கலத்தை வேகப்படுத்துகிறது.

இதைக் காருக்குப் பொருத்திப் பார்க்கலாம். இரண்டு தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வெல்டான இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். நீர் அதற்குள் ஏறிவிடும். இடைவெளியின் வாயில் ஆக்சிஜன் உண்டு, உள்ளே இல்லை. ஆகவே உள்ளே இருக்கும் இரும்பு கரைகிறது. உருவாகும் துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். அந்த வீக்கத்தில் தகடுகள் விலகுகின்றன, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிய்கின்றன, இடைவெளி பெரிதாகிறது, இன்னும் நீர் புகுகிறது. வெளிப்பக்கம் பெயின்டில் மிளகளவு கொப்புளம் தெரிகிற நாளில் பின்பக்கம் பெரும்பகுதி போயிருக்கும். நிலைக்கதவில் கரையான் பிடித்த கதைதான். வெளியே மண்கோடு தெரியும்போது உள்ளே மரம் மிச்சமிருக்காது.

இன்னொரு கேள்வி: மழை நின்ற பிறகும் துரு ஏன் நிற்பதில்லை?

உலோக அரிப்பை ஆராய்ந்த பிரிட்டிஷ் வேதியியலாளர் வெர்னன், 1930களிலேயே ஓர் எல்லையைக் கண்டார். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பின் அரிப்பு சட்டென்று கூடுகிறது. காற்றில் கந்தக டைஆக்சைடு இருந்தால் அது பல மடங்காகிறது. தகட்டில் உப்புத் துகள் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பெட்டிக்குள் ஒரு சிட்டிகை உப்பு தங்கிவிட்டால் போதும், வானம் வெளுத்த பிறகும் தகடு ஈரமாகவே இருக்கும்.

மாட்டுங்கா மரம், செம்பூர்ப் புகை, மிட்டி வெள்ளம்

ஒரே நகரம் என்றாலும் துரு எல்லா வட்டாரத்திலும் ஒரே வழியாக வருவதில்லை.

மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றிய தெருக்களில் கார்கள் பெரிய மரங்களுக்கு அடியில் நிற்கின்றன. நிழல் பெயின்டுக்கு நல்லது. உதிரும் இலைதான் வம்பு. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைநீர் இறங்கி வெளியேற இரண்டு பக்கமும் சிறு துளைகள் உண்டு. இலையும் பூவும் மக்கி அந்தத் துளைகளை அடைத்தால் நீர் பள்ளத்திலேயே தேங்கும், பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து உள்ளே கசியும். கார்ப்பெட்டும் அதன் அடியிலுள்ள பஞ்சும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கால் மிதிக்கும் இடத்துத் தரைத்தகடு மேலிருந்து அழுகுவது இப்படி. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் நிறுத்துபவர்களுக்குக் கீழிருந்தும் நீர் வரும். பெருமழையில் அங்கே தண்ணீர் தேங்குவது ஊரறிந்த சங்கதி.

செம்பூரை ஒட்டிய மாகுலில் 1950களின் மத்தியிலிருந்தே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்குகின்றன. பக்கத்தில் உர ஆலையும் உண்டு. எரிபொருள் எரியும் இடத்தில் கந்தக டைஆக்சைடு வராமல் போகாது. ஈரத்தில் அது அமிலமாகிப் படியும். உருவாகும் இரும்பு சல்பேட் துருவுக்குள்ளேயே தங்கி மேலும் அரிப்பைத் தூண்டும். வெர்னன் ஆய்வுக்கூடத்தில் கண்டது இங்கே திறந்தவெளியில் நடக்கிறது.

தாராவியின் கதை வெள்ளம். மிட்டி ஆறு மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் ஓரத்தில் இருக்கிறது ஊர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. கடலேற்றமும் சேர்ந்துகொள்ள, மிட்டி கரை உடைத்துக் குர்லா, கலீனா, தாராவிப் பக்கங்களை மூழ்கடித்தது. நல்ல தண்ணீரில் மூழ்கிய கார் காய்ந்தால் ஈரம் போகும். கழிமுகத்து உவர்நீரில் மூழ்கிய கார் காய்ந்தால் நீர் மட்டுமே போகும், உப்பு பெட்டிகளுக்குள் தங்கிவிடும். அப்படி மூழ்கிய வண்டிகள் சீட்டுத் துணி மாற்றி, பாலிஷ் போட்டு, வேறு ஊருக்கு விலைபோவது எல்லா வெள்ளத்துக்குப் பிறகும் நடக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் நடந்தது. எஞ்சின் ஓடும், ஏ.சி. குளிரும். துரு மூன்று நான்கு வருடம் கழித்து வாங்கியவர் தலையில் விடியும்.

உப்புக்காற்று இரும்பை என்ன பாடுபடுத்தும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம், தூக்குப் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகத் தகடுகளை வெயிலிலும் கடற்காற்றிலும் தொங்கவிட்டு அரிப்பை அளக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தக் காற்றுதான் காரணம்.

ரயில் பட்டறையின் கணக்கு

தாராவிக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது மாட்டுங்கா ரயில் பட்டறை. 1915இல் ஜி.ஐ.பி. ரயில்வே தொடங்கியது. ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அங்கே அன்றாட வேலை. அதில் துருவுக்கு எதிரான வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வடிவமைப்பில் வந்த நீலப் பெட்டிகள் எங்கே துருப்பிடிக்கும் என்பது பட்டறைக்காரர்களுக்கு மனப்பாடம். கழிவறைக்குக் கீழே, வாசல் பக்கம், பக்கச்சுவர் தரையோடு சேரும் நீண்ட உத்தரத்தில். நீர் விழும் இடம், தேங்கும் இடம், காயாத இடம் என்று மூன்றும் ஒன்றாகும் புள்ளிகள் அவை.

கவனிக்க வேண்டியது அவர்கள் வேலை செய்யும் முறை. ஓட்டை தெரியட்டும் என்று ரயில்வே காத்திருப்பதில்லை. ஐ.சி.எஃப். பெட்டி என்றால் வழக்கமாக 18 மாதத்துக்கு ஒரு முறை பட்டறைக்கு வந்தாக வேண்டும். சந்தேகமான இடத்தைத் திறந்து பார்க்கிறார்கள், கெட்ட தகட்டை வெட்டி எடுக்கிறார்கள், புதிது வைக்கிறார்கள். இவ்வளவு செய்தும் துருவை வெல்ல முடியாததால் வடிவமைப்பையே மாற்ற வேண்டி வந்தது. துருப்பிடிக்காத எஃகில் செய்த எல்.எச்.பி. பெட்டிகளுக்கு இடம்விட்டு, பெரம்பூர் தன் பழைய ரகப் பெட்டியின் தயாரிப்பை 2018இல் நிறுத்தியது.

சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு 18 மாதக் கட்டாயம் கிடையாது. மழைக்காலம் முடிந்த அக்டோபரில் ஒரு காலை நேரத்தை ஒதுக்கினால் அதே வேலையைச் சிறிய அளவில் செய்துவிடலாம்.

முதலில் கார்ப்பெட்டைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சைக் கையால் அழுத்த வேண்டும். விரலில் ஈரம் ஒட்டினால், மேலே துணி காய்ந்திருந்தாலும் தரைத்தகடு மாதக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அதன் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். கதவுகளின் அடி விளிம்பில் வரிசையாக நீர்வடி துளைகள் இருக்கும். குண்டூசி விட்டுப் பார்த்தால் அடைப்பு தெரிந்துவிடும். பிறகு ஜாக்கி வைக்கும் இடம். அங்கே ஜாக்கி ஏற்றும்போது நொறுங்கும் சத்தம் கேட்டால் மேலே ஏற்றுவதை அதோடு நிறுத்திவிட வேண்டும். ரன்னிங் போர்டின் அடிப்பக்கத்தை ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று பேசும். துருவேறிய இடத்தில் சத்தம் மங்கிவிடும். அந்த இடத்தில் கூர்முனையால் அழுத்தினால் சில சமயம் முனை உள்ளே போய்விடும்.

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு இன்னும் இரண்டு உதவிகள் உண்டு. மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் தகட்டில் ஒட்டும், பள்ளத்தை நிரப்பப் பூசிய தடிமனான பட்டியின் மேல் நழுவும். பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டர் இன்னும் துல்லியமானது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். மறுபடி பெயின்ட் அடித்த இடம் 200ஐத் தாண்டும். பட்டி பூசிய இடம் ஆயிரத்தையே தொடும். போனில் மாட்டும் குட்டிக் கேமராக் குழாயை நீர்வடி துளை வழியே ரன்னிங் போர்டுக்குள் விட்டால், இதுவரை யாரும் பார்க்காத பக்கம் திரையில் தெரியும்.

மும்பையில் சி.என்.ஜி. வண்டி நிறைய. எஃகு சிலிண்டர் ஏறத்தாழ 60 கிலோ கனம், அது உட்கார்ந்திருப்பது டிக்கித் தரையில். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று விதி உண்டு. சிலிண்டரைக் கழற்றும் அந்த நாளில் அதற்கு அடியிலுள்ள தகட்டையும் பார்த்துவிடுவது சுலபம். மற்ற நாளில் அதைப் பார்க்க வழியே இல்லை.

"பிரிச்சுப் பார்த்தாத்தான்"

கேரேஜில் துரு வேலைக்கு வண்டி போனால் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"மேல பட்டி பாத்து பெயின்ட் அடிச்சுத் தரவா அண்ணாச்சி, இல்ல தகடு வெட்டி வைக்கணுமா?"

"ரெண்டுக்கும் எவ்வளவு ஆகும், சொல்லு."

"பட்டின்னா இப்பவே சொல்லிருவேன். தகடுன்னா பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

இதை ஏமாற்று என்று நினைத்துக் கோபப்படுபவர்கள் உண்டு. மெக்கானிக் சொல்வது சரிதான். பட்டி வேலையின் அளவு வெளியே தெரிகிறது, ஆகவே விலையும் தெரியும். தகடு வேலையின் அளவு உள்ளே இருக்கிறது. உள்ளங்கை அளவு ஓட்டைக்கு, வெல்டிங் பிடிக்கும் நல்ல தகடு கிடைக்கும் வரை வெட்டிக்கொண்டே போனால் முழ நீளம் ஆகிவிடும். அதோடு, செலவில் மிகக் குறைந்த பங்கு தகட்டின் விலைதான். பெரும்பங்கு அந்த இடத்தைச் சென்றடையும் கூலி. தரையில் வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் சீட்டைக் கழற்ற வேண்டும், கார்ப்பெட்டை எடுக்க வேண்டும், ஒயரிங்கை ஒதுக்க வேண்டும், பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும், பின்பக்கம் என்றால் பெட்ரோல் டாங்கையும் இறக்க வேண்டும். வேலை முடிந்து எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வேண்டும்.

பட்டி ஏன் மலிவு, ஏன் நிற்பதில்லை என்பதும் வேதியியல்தான். பாலியெஸ்டர் பிசினில் டால்க் போன்ற கற்பொடியைக் கலந்தது பட்டி. நசுங்கிய நல்ல தகட்டைச் சமன் செய்யத்தான் அது பிறந்தது. ஓட்டைக்குப் பின்னால் வலை வைத்து அதன் மேல் பூசினால், பெயின்ட் இல்லாத உள்பக்கம் ஈரத்தை உறிஞ்சும், விளிம்பிலுள்ள துருவோடு அந்த ஈரத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆகஸ்டில் அதே இடம் பொரிந்து வரும், ஓட்டை பெரிதாகியிருக்கும்.

நல்ல எண்ணத்தில் செய்யும் வேலைகளும் சில சமயம் கெடுக்கின்றன. அடிப்பாகத்துக்குத் தார் போன்ற கறுப்புக் கோட்டிங் அடிப்பது அதில் ஒன்று. சுத்தமான, உலர்ந்த தகட்டில் அடித்தால் பலன் உண்டு. ஏற்கெனவே துருவும் சேறும் இருக்கிற தகட்டின் மேல் அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும். அவசரத்தில் நீர்வடி துளைகளையும் அதே கறுப்பு அடைத்துவிட்டால் ரன்னிங் போர்டு தொட்டியாகிவிடும்.

வெல்டிங்கிலும் வித்தியாசம் உண்டு. பழைய கேஸ் வெல்டிங்கின் சூடு அகலமாகப் பரவி, மெல்லிய தகட்டை நெளித்து, பின்பக்கப் பெயின்டை எரித்துவிடும். மிக் வெல்டிங்கில் சூடு ஒரு கோட்டோடு நிற்பதால் சேதம் குறைவு. எதுவாக இருந்தாலும் வெல்டிங்கின் பின்பக்கம் பெயின்ட் இல்லாத இரும்புதான் மிஞ்சும், அது இருப்பதோ மூடிய பெட்டிக்குள். நீண்ட குழாய் முனையால் உள்ளே மெழுகு போன்ற திரவத்தைப் பீய்ச்சி அந்தப் பக்கத்தை மூடவில்லையென்றால், புதுத் தகட்டுக்கும் பழைய கதிதான். பில்லில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தாலே வேலையின் தரம் பாதி தெரிந்துவிடும்.

மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் மனக்கசப்பு வராமலிருக்க, இரண்டு கட்டமாகப் பேசுவது நல்லது. முதல் கட்டம், பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கூலி. பிரித்த பிறகு படம் எடுத்து, எந்தெந்த இடம் என்று எழுதி, அதற்கு விலை பேசுவது இரண்டாம் கட்டம். வேண்டாமென்றால் முதல் கூலியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

எங்கே நிறுத்துவது

துருப்பிடித்த எல்லா இடமும் சமமல்ல. பானெட், முன் ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி எல்லாம் போல்ட்டில் நிற்பவை. குர்லாவில் பழையது வாங்கி மாற்றினால் தீர்ந்தது. வண்டியின் பலத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு குறைவு. ரன்னிங் போர்டுப் பெட்டி, தரை உத்தரங்கள், சஸ்பென்ஷன் வந்து பொருந்தும் மேடைகள், சீட் பெல்ட் மாட்டும் புள்ளிகள் ஆகியவை உயிர் சம்பந்தப்பட்டவை. மோதலில் பயணியைச் சுற்றி நிற்க வேண்டியவை இவைதான். பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்.ஓ.டி. இதை ஓர் அளவாகவே வைத்திருக்கிறது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக், சீட் பெல்ட் பொருந்தும் புள்ளியிலிருந்து 30 செ.மீ.க்குள் தகட்டைப் பலவீனப்படுத்தும் துரு இருந்தால் வண்டி தேறாது. இந்தியாவில் அப்படி அளந்து சொல்லும் வழக்கம் இல்லாவிட்டாலும், வீட்டு டேப்பை வைத்து யாரும் அளந்துகொள்ளலாம்.

பெரிய கம்பெனிகளும் இந்த இடத்தில் வழுக்கியிருக்கின்றன. ஃபியட் குடும்பத்தைச் சேர்ந்த லான்சியா, பீட்டா மாடலில் எஞ்சினைத் தாங்கும் சட்டம் துருப்பிடித்ததால் 1980இல் பிரிட்டனில் தன் கார்களைத் தானே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பெயர் அங்கே மீளவே இல்லை. 2016இல் டொயோட்டா, அமெரிக்காவில் டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துரு வழக்கில் சமரசத்துக்கு வந்தது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள், 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்ற மதிப்பீடு.

நம்மூரில் அப்படி ஒரு கை கொடுப்பவர் இல்லை. மோட்டார் இன்சூரன்ஸ், தேய்மானத்தால் வரும் சேதத்தை ஏற்காது. துரு அந்தக் கணக்கில்தான் வரும். விபத்துக் கிளெய்மிலும் சாதாரண பாலிசியில் 10 வயது தாண்டிய காரின் உலோகப் பாகத்துக்குப் பாதி விலைதான் தேறும். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். காயலான் கடைக்குப் போடாமல், 2021இல் வந்த கழிவுக் கொள்கைப்படி பதிவுபெற்ற நிலையத்தில் ஒப்படைத்தால், அங்கே கிடைக்கும் சான்றிதழைக் காட்டிப் புதுக் காருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை பெறலாம்.

முடிவெடுக்கும்போது பலரும் ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறார்கள். ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் படம் மாறும். ஒரு பேச்சுக்கு, விற்றால் 80,000 ரூபாய் போகும் கார் என்று வைத்துக்கொள்வோம். தகடு வேலைக்கு 60,000, அது நான்கு ஆண்டு தாங்கும் என்றால் ஆண்டுக்கு 15,000. பட்டி வேலைக்கு 20,000, அது ஒரே மழைக்காலம் தாங்கும் என்றால் ஆண்டுக்கு 20,000. அதற்கு மேல் அடுத்த ஆண்டு ஓட்டை பெரிது. இதே தகடு வேலை சஸ்பென்ஷன் மேடை வரை போகிறது என்றால் கணக்கை அங்கேயே மூடிவிட்டு வண்டியை ஒப்படைப்பதுதான் உத்தமம்.

இப்போது பத்து வயதைத் தொடும் கார்கள் கேரேஜ்களுக்குப் புதுச் சிக்கலைக் கொண்டுவருகின்றன. பத்மினி காலத்தில் இல்லாத துத்தநாகப் பூச்சும், பாடியையே தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படியவைக்கும் பிரைமரும் பெரும்பாலான புது மாடல்களில் உண்டு. துரு தாமதமாகத்தான் வரும். வந்தால் பார்ப்பது கடினம், ஏனென்றால் சக்கர வளைவும் அடிப்பாகமும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், இரும்பு உருகுவது 1,538 டிகிரியில். வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு இருக்கவே இருக்காது. கிளம்பும் புகையை முகமூடி இல்லாமல் சுவாசித்தால் அன்று இரவே குளிர்க்காய்ச்சல் வரலாம்.

பில்லர்களில் இப்போது போரான் கலந்த எஃகு வருகிறது. சாதாரணத் தகடு ஏறத்தாழ 300 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும் என்றால் இது 1,500 வரை தாங்கும். பழக்க தோஷத்தில் அதன் மேல் கேஸ் வெல்டிங் சூட்டைக் காட்டினால் அந்த வலிமை இறங்கிவிடும், பார்த்தால் மட்டும் எந்த மாற்றமும் தெரியாது. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்பதைத் தயாரிப்பாளரின் பாடி ரிப்பேர் கையேடுதான் சொல்லும். ஸ்பாட் வெல்டிங் மெஷின் வாங்கக் கடன் கிடைத்தாலும், அந்தக் கையேடு பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தாண்டி வருவதில்லை. தாராவி அறுபதடி ரோட்டில் சுத்தியலும் பட்டித் தகடுமாகத் தொழில் கற்றவர்களுக்கு அடுத்த பத்தாண்டில் உதிரிபாகத்தைவிட அவசரமாகத் தேவைப்படப்போவது அந்தக் கையேடுதான்.